பொதுப் பணம், பொதுத் தண்ணீர்



தண்ணீருக்கான நம் போராட்டத்தைப் பேசும்போதெல்லாம், 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகத் சவுதார் குளத்தில் நீர் அள்ளிப் பருகியதிலிருந்து தொடங்குகிறோம். அந்த நிகழ்வுக்கு முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே அதைக் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் கிணறுகளையும் நீர்நிலைகளையும் தீண்டப்படாதார் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்றது அது. மறு ஆண்டே சென்னை சட்டமன்றத்தில் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைக்கும் பொதுக் கிணற்றுக்கும் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவும், அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறைகளில் பாகுபாட்டைத் தடை செய்தது.

போலேயின் தீர்மானத்திலும் 15(2) பிரிவிலும் உரிமைக்கு ஓர் அடிப்படையாகச் சொல்லப்படுவது பொதுப் பணம். ஆகவே குடிநீருக்கு ஒதுக்கிய பணம் எந்தத் தெருவில் போய் நின்றது என்று கேட்பது மகத் போராட்டத்தின் தொடர்ச்சியே.

1972-73இல் ஒன்றிய அரசு துரித ஊரகக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது. அதன் நெறிமுறைகள் பட்டியல் சாதியினருக்கு 25 விழுக்காடும் பழங்குடியினருக்கு 10 விழுக்காடும் ஒதுக்கச் சொல்லின. 2009இல் அது தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டம் ஆனது. 2012 முதல் 2017 வரை 81,168 கோடி ரூபாய் செலவான பிறகும், நாளொன்றுக்கு ஒருவருக்கு 55 லிட்டர் பெறும் குடியிருப்புகள் 5.5 விழுக்காடுதான் கூடின என்று 2018இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. 2019இல் ஜல் ஜீவன் திட்டம் வந்தபோது அதன் மதிப்பீடு 3.60 லட்சம் கோடியாக இருந்தது. இதில் ஒன்றிய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி.

இவ்வளவு பெரிய தொகையை எப்படிப் பின்தொடர்வது? ஒன்றியத்தின் பணம் மாநிலங்களுக்கான மானியமாக 3601 என்ற கணக்குத் தலைப்பில் எழுதப்படுகிறது. மாநிலங்களின் கணக்கில் குடிநீர், துப்புரவுக்கான வருவாய்ச் செலவு 2215, மூலதனச் செலவு 4215. இவற்றுக்குள் பட்டியல் சாதியினருக்கான பங்கு 789 என்ற சிறுதலைப்பில் இருக்கும். நாம் தேட வேண்டிய எண் அதுதான்.

ஆனால் 789இல் எழுதப்பட்டதாலேயே பணம் சேரிக்கு வந்துவிட்டது என்று ஆகாது. கர்நாடகத்தின் 2013ஆம் ஆண்டு துணைத்திட்டச் சட்டத்தில் 7(டி) என்றொரு பிரிவு இருந்தது. பிரித்துக் காட்ட முடியாத கட்டுமானப் பணிகளின் செலவில் ஒரு பகுதியை நமக்காகச் செலவிட்டதாகவே கருதிக்கொள்ள அது வழிவிட்டது. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 2023இல்தான் அது நீக்கப்பட்டது.

ஜல் ஜீவன் நெறிமுறையிலும் ஒரு முடிச்சு உண்டு. ஊருக்குள் அமைக்கும் கட்டுமானச் செலவில் மக்கள் பங்கு 10 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள கிராமங்களுக்கு 5 விழுக்காடு. அப்படியானால் ஆதிக்க சாதியார் பெரும்பான்மையாக உள்ள சமவெளி ஊரின் ஓரத்துச் சேரிக்கு அந்தச் சலுகை இல்லை. கணக்கு கிராமத்தை ஒரே அலகாகப் பார்க்கிறது. ஊரும் சேரியும் வேறு வேறு என்பது சாதிக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது.

செலவு நம் தெருவுக்கே வந்தாலும் கதை முடிவதில்லை. 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நம் மக்களுக்குத் தனிக் கிணறுகள் வெட்டித் தந்தது. தண்ணீர் கிடைத்தது, பொதுக் கிணறு மூடியே கிடந்தது. நூறு ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கு நீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. எந்தச் செலவுப் பட்டியலிலும் அந்தத் தொட்டி நிறைவேறிய பணியாகத்தான் இருக்கும்.

மார்ச் 20 மகத் நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அதற்குமுன் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நம் ஊராட்சியின் குடிநீர்ச் செலவைக் கேட்டுப் பெறுவோம். தொட்டி எங்கே கட்டப்பட்டது, குழாய் எந்தத் தெருவோடு நின்றது, வால்வைத் திறப்பவர் யார், நம் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்று ஒரே தாளில் எழுதி, சபையில் வாசித்துப் பதிவேட்டில் ஏற்றுவோம்.