இரண்டாம் மொழி வாசிப்பில் பின்புல அறிவு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தாய்மொழியல்லாத மொழியில் அமைந்த பனுவலைப் பயில்பவர், அதன் சொற்கள் அனைத்தையும் அறிந்திருந்தும் பொருள் உணராது நிற்பதுண்டு. இது மொழியறிவின் குறையா, பனுவல் பிறந்த பண்பாட்டை அறியாமையின் விளைவா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக உருப்பெற்றது. அவ்வளர்ச்சியை நோக்கி, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர்க்கு அது உணர்த்துவதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு வரலாறு

கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்க்கு ஆங்கிலத்திலேயே அளித்து, பின்னர் நினைவுகூரச் செய்த சோதனையை விவரித்தார். அவர்கள் தம் வழக்கிற்கேற்பக் கதையை மாற்றினர். கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. மொழி தம்முடையதாக இருந்தும் பண்பாடு அயலாக இருந்தமையே இதற்குக் காரணம். முன்னறிவின் இவ்வமைப்பைக் குறிக்கப் பார்ட்லெட் 'ஸ்கீமா' என்னும் சொல்லைக் கையாண்டார். இதனை 'அறிவுச் சட்டகம்' எனலாம்.

1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் துணி துவைத்தலைப் பற்றிய ஒரு பகுதியைத் தலைப்பின்றி வாசிக்கச் செய்தனர். எளிய சொற்களாயினும் பொருள் விளங்கவில்லை. தலைப்பை முன்னரே அறிந்தோர் நன்கு புரிந்துகொண்டனர். வாசித்து முடித்தபின் அறிந்தோர்க்கு அது பயன்படவில்லை. பின்புல அறிவு வாசிப்புக்கு முன்னரே வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று.

1979இல் ஸ்டெஃபென்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு இந்தியர்க்கு நேரடித் தொடர்புடையது. இந்தியத் திருமணம், அமெரிக்கத் திருமணம் ஆகியவற்றைப் பற்றிய இரு கடிதங்களை இரு நாட்டினரும் ஆங்கிலத்தில் வாசித்தனர். தத்தம் பண்பாட்டுக் கடிதத்தை விரைந்து வாசித்து, மிகுதியாக நினைவுகூர்ந்தனர். அமெரிக்க மணமகள் பாட்டியின் மண உடையை அணிந்திருந்தாள் என்பதை, வழக்கொழிந்த பழைய உடை என இந்திய வாசகர் ஒருவர் கொண்டார். அங்கு அது மரபைப் போற்றும் செயலாகும்.

1983இல் காரெலும் ஐஸ்டர்ஹோல்டும் இக்கருத்தை இரண்டாம் மொழிக் கல்விக்கு விரித்துரைத்தனர். எனினும், மொழித்திறன் ஒரு வரம்பை எட்டாதபோது பின்புல அறிவு மட்டும் போதாது என்பதையும் ஆய்வாளர்கள் கருத்திற் கொண்டனர். வாசிப்புச் சிக்கல் மொழிச் சிக்கலா என 1984இல் ஆல்டர்சன் எழுப்பிய வினா இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

தமிழ் மரபும் இன்றைய வகுப்பறையும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் 'முன்னம்' ஒன்று. கூற்று யாருடையது, யாரை நோக்கியது என்பதைச் சூழலால் உய்த்துணரச் செய்வது அது. அகப்பாடல்களுக்குக் கூற்றுக் குறிப்பும் துறைக் குறிப்பும் அமைந்தமை, பாடலுக்கு வெளியிலுள்ள அறிவின் தேவையை நம் முன்னோர் உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும். மருதம் ஊடலுக்கு உரியது என அறியாதவர்க்கு வயலும் பொய்கையும் வெறும் காட்சிகளே.

இக்கால உரைநடைக்கும் இது பொருந்தும். 'ஆடி பிறந்ததும் புதுமணப்பெண் தாய்வீடு வந்தாள்' என்னும் தொடரை இந்தி பேசும் மாணவர் ஒருவர் வாசிப்பதாகக் கொள்வோம். ஆடி வழக்கத்தை அறியாதவர் கணவனோடு பிணக்கு எனக் கருதக்கூடும். அவ்விடையைத் தவறெனக் கொண்டு மதிப்பெண் குறைத்தால், மொழியறிவைச் சோதிப்பதாக எண்ணிப் பண்பாட்டறிவையே சோதித்தவராவோம். ஆனால் புதுமணப்பெண் சாவன் மாதத்தில் பிறந்தகம் செல்லும் வழக்கம் வட இந்தியாவிலும் உண்டு. காரணங்கள் வேறாயினும், ஆசிரியர் அதனை முன்னரே நினைவூட்டின், மாணவரின் சொந்தச் சட்டகமே தமிழ்த் தொடரின் பொருளுக்கு வழிகாட்டும்.

நிறைவுரை

வாசிப்புப் புரிதல் மொழியறிவும் பின்புல அறிவும் இணைந்து விளைவது. ஆகவே பிறமொழி மாணவர்க்கான தமிழ்ப் பாடநூல்களில் அருஞ்சொற்பொருளோடு நில்லாமல், பாடத்திற்கு முன்னரே பண்பாட்டுக் குறிப்பும் இடம்பெறல் வேண்டும். வினாத்தாள் அமைப்போரும், ஒவ்வொரு வினாவும் சோதிப்பது மொழியையா, வழக்கத்தையா என ஆராய்ந்தே அதனைச் சேர்த்தல் வேண்டும். பிறமொழி மாணவர் பலரின் தமிழறிவு இன்று சரியாக மதிப்பிடப்படுவது இதனைப் பொறுத்தே அமையும்.