கைதட்டலும் வள்ளமும்: தீவகத்தின் நோய்க்காலங்கள்

2020 மார்ச் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இத்தாலியில சனம் பல்கனியில நின்று பாடினது. இந்தியாவில மார்ச் 22 பின்னேரம் 5 மணிக்குக் கை தட்டி, தட்டு முட்டெல்லாம் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் வைத்தியருக்கும் தாதியருக்கும் நன்றி சொல்லத்தான். அதே நாள்களில் யாழ்ப்பாணத்திலும் முதல் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டார். ஊரடங்கு வாரக்கணக்கில் நீண்டது. நாங்களும் வீட்டுக்குள்ள இருந்து புரொஃபைல் படத்தை மாத்தினோம்.

அதில பிழை இல்லை. ஆனால் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கத்து வரலாற்றைப் புரட்டும்போது எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. நோய்க்காலத்தில் வைத்தியம் பார்க்க வந்த ஆளுக்கு எங்கட ஊர் என்ன குடுத்தது?

கொள்ளைநோய் எங்களுக்குப் புதுசில்லை. பெரியம்மை வந்தால் 'அம்மாள் வருத்தம்' என்று சொல்லி, வாசலில வேப்பிலை செருகி, வீட்டை ஒதுக்கி வைத்தார்கள். வாந்திபேதி வந்தால் ஒதுக்கவும் நேரம் கிடைக்காது. காலையில நடமாடின மனுசன் இரவுக்குள்ள போய்விடுவான். 1866–67இல் யாழ்ப்பாணத்தில் பரவிய வாந்திபேதி அப்படிப்பட்டது.

அதற்கு முன்பே, 1850இல், அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியில் யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலை தொடங்கியிருந்தது. நடத்தியது 'பிரெண்ட் இன் நீட் சொசைட்டி' என்ற தரும சங்கம். நன்கொடைகள் அதைத் தாங்கின. அரசு அதைப் பொறுப்பேற்றது 1907இல்தான். இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுதான். இன்றைக்கும் தீவகத்தின் கடுமையான நோயாளர் போய்ச்சேருகிற கடைசி வாசல் அது.

கட்டடம் வந்தாச்சு. வைத்தியர் எங்கே? 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படிச்சு முடிச்சவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியே போனார்கள், கிராமத்தில் தங்கவில்லை. 1864 தொடக்கம் தமிழில் படிப்பித்தார். அதற்காகவே மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் படித்த அறுபதுக்கு மேற்பட்டோரில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். மதம் பரப்புவதும் அவர் நோக்கமாக இருந்தது. அதை நாங்கள் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் கண்ட பிரச்சினை இன்றைக்கும் அப்படியே இருக்கு. வைத்தியரை உருவாக்கலாம். ஊரில் தங்கவைக்கிறது எப்படி?

தீவகத்தில் இந்தக் கேள்விக்கு நடுவில் கடல் நிற்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், தண்ணீருக்கு நடுவே இருக்கிற கடற்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் அது சிறையாகவும், தொற்றுநோயாளரை வைக்கிற இடமாகவும் இருந்தது. நோயாளியைக் கடலால் பிரித்து வைத்தால், அவரைப் பார்க்கிறவரும் சேர்ந்துதான் பிரிபடுவார். சோறும் தண்ணியும் மருந்தும் வள்ளத்தில போகவேண்டும். வள்ளம் தள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் எந்த நடுகல்லிலும் இல்லை.

நெடுந்தீவுக்கு இன்றும் பாலம் இல்லை. நாலாயிரம் பேரளவில் வாழுகிற தீவு. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். சோளகம் கிளம்பினால் இன்னும் கூட. அந்தக் கடலில் 1985 மே 15இல் குமுதினிப் படகில் போனவர்கள் குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டார்கள். அதுக்குப் பிறகும் நோயாளிக்கும் தாதிக்கும் அதே கடல்தான் வழி. 1990க்குப் பிறகு இடப்பெயர்வில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு வெறிச்சோடின. திரும்பி வந்த சனம் குறைவு. கனடா, பிரான்ஸ், சுவிஸ் போன உறவுகள் காசு அனுப்பலாம், கட்டில் வாங்கித் தரலாம். படகேறி வந்து ஊசி போட அவர்களால் ஏலாது.

2018 ஜூலையில் 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது. பெரிய காரியம். ஆனால் அம்புலன்ஸ் இறங்குதுறையோடு நின்றுவிடும். அதற்கு அங்கால கடற்படைப் படகு, அல்லது ஊர்ப் படகு. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணியோடு புங்குடுதீவு முடக்கப்பட்டபோது, வீடு வீடாகப் போனவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும்தான். 2021 மே 30இல் யாழ் மாவட்டத்தில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. முதலில் வந்தது 50,000 சினோபார்ம். நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அது குளிர்ப்பெட்டியில் கடல் கடந்துதான் போகவேண்டும்.

இங்கே நாங்கள் எங்களையும் கேட்கவேண்டும். பரிசோதகர் படலையில வந்து நின்றபோது கதவைத் திறந்தோமா? ஆர் ஆரோட கதைச்சனாங்கள் என்று உண்மையைச் சொன்னோமா? வைத்தியசாலையில வேலை செய்கிறவர் என்று தெரிந்ததும் வாடகை அறை குடுக்க யோசிச்சோமா? விடுதியைக் கழுவி, கழிவை அள்ளி, பிரேதம் தூக்கின சுகாதாரத் தொழிலாளருக்கு எங்கட கைதட்டலில் பங்கு இருந்ததா? கிணற்றடியிலும் சாதி பார்த்த சமூகம் நாங்கள். அந்தத் தொழிலை யாருடைய தலையில் கட்டினோம் என்று எங்களுக்கு நல்லாத் தெரியும். நன்றியிலும் அவர்களைக் கடைசியிலதான் வைத்தோம்.

கிறீனின் வகுப்பிலிருந்து குளிர்ப்பெட்டி வரைக்கும் நாங்கள் படிச்ச பாடம் ஒன்றுதான். நோய்க்காலத்தில் ஒரு தீவைக் காப்பாற்றுவது அங்கே தங்கி நிற்கிற ஆள். அந்த ஆளைத் தங்கவைக்கிறது ஊரின்ர வேலை. பூட்டக்கூடிய ஒரு நல்ல அறை, உப்பில்லாத தண்ணி, இரவு இரண்டு மணிக்கும் கிளப்பக்கூடிய ஒரு படகு, அதுக்கு எண்ணெய், தாதியின் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், பொய் சொல்லாத நோயாளி. இவ்வளவும் நோய் வாறதுக்கு முதலே இருக்கவேண்டியவை.

அடுத்த முறை நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது சுற்றிப் பாருங்கோ. கையில பையோட, மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்கிற ஒரு குடும்பநல உத்தியோகத்தரோ தாதியோ இருப்பார். முன்னுக்கு இடம் விடுங்கோ. நாங்கள் அங்கேயிருந்து தொடங்கலாம்.