கொவிட் தொற்றின் பின்னரும் தொடரும் குருதி உறைவு அபாயம்

கொவிட்-19 நுரையீரலை மாத்திரம் தாக்கும் நோயன்று. இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் அது பாதிப்பதால் குருதி உறையும் தன்மை அதிகரிக்கின்றது. காலின் ஆழ்நாளங்களில் உருவாகும் இரத்தக்கட்டி நுரையீரலைச் சென்றடைந்தால் உயிராபத்து நேரலாம்.

சுவீடனில் தொற்றுக்குள்ளான பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2022 ஏப்ரலில் வெளியான ஆய்வின்படி, நுரையீரல் நாள அடைப்பு அபாயம் முதல் 30 நாட்களில் 33 மடங்காக இருந்ததுடன், 6 மாதங்கள் வரை நீடித்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படாதோரிடமும் அபாயம் அதிகரித்திருந்தமையே கவனத்திற்குரியது. தடுப்பூசியால் அரிதாக ஏற்பட்ட இரத்தக்கட்டியைப் பெரிதாகப் பேசியோர் இதனைப் பேசவில்லை.

தொற்றின் பின்னர் ஒரு காலில் மாத்திரம் வீக்கமும் வலியும் தோன்றினால் தைலம் பூசிக் காத்திருத்தல் தகாது. திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்படின் உடனடியாக வைத்தியசாலையை நாட வேண்டும்.