குறையே குணமான வால்வு

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டி போன்ற ஊர்களில் அம்மன் கோயில் பொங்கல் என்றால், மைக் செட் இல்லாமல் நடக்காது. 1960-களில் அந்தப் பெட்டிக்குள் செந்நிறமாக ஒளிர்ந்த கண்ணாடிக் குமிழ்களே வால்வுகள். இன்றைய மைக் செட்டில் அவை இல்லை. ஆனால் மின்கிதார் வாசிப்போரில் பலர் அவற்றை இன்றும் தேடி வாங்குகிறார்கள். காரணம் என்ன? பார்ப்போம்.

1904-இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர், காற்று அகற்றிய குமிழுக்குள் ஒரு கம்பியைச் சூடேற்றினார். அதிலிருந்து வெளிப்பட்ட எலெக்ட்ரான்கள் எதிரேயுள்ள தகட்டை நோக்கி ஒரு திசையில் மட்டுமே பாய்ந்தன. ஒருவழிக் கதவு போன்றிருந்ததால் அதற்கு வால்வு என்று பெயர். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு வலையைப் பொருத்தினார். கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சிறிது அசைக்கக் கைவலு போதும். அதனால் கூடிக் குறையும் நீரோ வயலையே நிறைக்கும். அதுபோல, வலையில் தரும் சிறு மின்னழுத்தம் தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிப்படைக்கிறது. ஒலிபெருக்கத்தின் அடிப்படை இதுவே.

சென்னையில் 1924-இல் தனியார் வானொலிக் கழகமும், 1930-இல் மாநகராட்சியும், 1938-இல் அகில இந்திய வானொலியும் ஒலிபரப்பியது வால்வுகளின் துணையால்தான். 1954-இல் நிறுவப்பட்ட பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் வானொலி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் 1947-லேயே அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்துவிட்டது. அது சிறியது, சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை, பாட்டரியிலும் இயங்கும். மைக் செட்காரர்கள் அதற்கு மாறியதில் வியப்பில்லை.

கிதாரின் கதை வேறு. 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர் மின்கிதாரில், காந்தத்தருகே அதிரும் எஃகுத் தந்தி ஒரு சுருளில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டியது. அதைப் பெருக்க வால்வுப் பெட்டி தேவைப்பட்டது. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் தம் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். இசைஞர்கள் அவற்றை எல்லை மீறித் திருகியபோது ஒலி சிதைந்தது. பொறியாளர் குறை என்ற அச்சிதைவை இசைஞர்கள் விரும்பினர்!

இதற்கு இயற்பியல் விளக்கம் உண்டு. தாங்கும் எல்லையைத் தாண்டினால், சாதாரண டிரான்சிஸ்டர் பெருக்கி ஒலியலையின் முகட்டைக் கத்தியால் நறுக்கியதுபோல் வெட்டுகிறது. அதனால் உயர் மேற்சுரங்கள் பல தோன்றி, காதில் கரகரக்கின்றன. வால்வுப் பெருக்கியோ பொதுவாக முகட்டை மெல்ல வளைக்கிறது. அப்போது இரண்டாம், மூன்றாம் மேற்சுரங்களே மிகுந்திருக்கும். அதிர்வெண் இரட்டித்தால் மேல் ஸட்ஜம். மும்மடங்கானால் அதற்குரிய பஞ்சமம். இரண்டும் ஸ்ருதியோடு இழைபவை அல்லவா?

இந்தச் சுவை நமக்குப் புதிதன்று. தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் மெல்லிய நூலை ஜீவா என்பர். அதை எடுத்துவிட்டால் ரீங்காரம் போய், நாதம் வெறுமையாகிவிடும். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவையும் எழுகின்றன என்பதை 1921-இல் சர் சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார், குதிரையின் வளைந்த பரப்பே அதற்குக் காரணம் என்றார். கிதார்காரருக்கு வால்வு செய்வதும் ஜீவா நூலின் வேலைதான்.

ஆகவே, "வால்வு உயர்ந்ததா, டிரான்சிஸ்டர் உயர்ந்ததா?" என்று ஒருவர் கேட்டால், "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். காணாமல் போன குழந்தையின் பெயரைத் திருவிழாக் கூட்டத்தில் அறிவிக்கும்போது சிதைவு பெருங்குறை. அங்கே சொல் தெளிவாக விழ வேண்டும். கிதார்காரருக்கோ பெட்டியும் வாத்தியத்தின் ஒரு பகுதியே.

ஓர் எச்சரிக்கை. பரணில் பழைய வால்வுப் பெட்டி கிடைத்தால் ஆர்வத்தில் திறந்துவிடாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அதை வைத்திருக்கும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, அருகிலிருந்து பாருங்கள்.