அஞ்சல் உறையில் வந்த அமானிதம்

ஒரு பொருளைப் பிறரிடம் ஒப்படைத்து, அவர் அதனைப் பேணித் திருப்பித் தருவார் என்று நம்பியிருப்பதை நாம் அமானிதம் என்கிறோம். நம் இல்லங்களில் இச்சொல் பெரும்பாலும் பணத்தையும் நகையையும் பற்றியே வழங்கி வருகிறது. ஆனால் பிணையும் சாட்சியும் இன்றி, அஞ்சல் பெட்டிகளின் வழியே, ஒரு நாடு முழுவதும் கோடிக்கணக்கான அமானிதங்கள் கால் நூற்றாண்டுக் காலம் போய்வந்து கொண்டிருந்தன என்றால் வியப்பாக இருக்கும். அந்த நாடு அமெரிக்கா. அந்த அமானிதங்கள் வாடகைக்கு விடப்பட்ட திரைப்படத் தட்டுகள்.

1998இல் தொடங்கி 2023இல் முடிவுற்ற அந்த வரலாற்றை வணிகர்களின் பக்கம் நின்று எழுதியவர்கள் பலர். யார் எவ்வளவு ஈட்டினார், யார் யாரை வீழ்த்தினார் என்பதே அவர்களுடைய பேச்சு. நாம் வாடிக்கையாளரின் பக்கம் நின்று அதனை நோக்குவோம். அவர் எதனை நம்பிப் பெற்றார்? எதனை நம்பிக் கொடுத்தார்? இவ்விரு கேள்விகளுமே இக்கட்டுரையின் பொருள்.

கடையும் தண்டமும்

திரைப்படத்தை வாடகைக்கு விடும் கடை அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. அந்நாளில் படங்கள் வீடியோ கேசட்டுகளில் இருந்தன. கேசட்டை விலைகொடுத்து வாங்கிய கடைக்காரர், படமெடுத்தவரிடம் மீண்டும் அனுமதி கேளாமலே அதனை வாடகைக்கு விடலாமா? விடலாம் என்பதற்குப் பழைய தீர்ப்பொன்று துணை நின்றது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கலாகாது என்று பதிப்பகத்தார் அச்சிட்டிருந்த ஒரு நாவலை, நியூயார்க்கின் மேசி அங்காடியார் 89 காசுக்கு விற்றார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒரு படியை விற்றுவிட்ட பிறகு, அந்தப் படியின் மறுவிற்பனையைப் பதிப்புரிமையைக் காட்டிக் கட்டுப்படுத்த முடியாது என்று 1908இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே அது சட்டத்திலும் இடம்பெற்றது. புத்தகத்திற்காகப் பிறந்த இந்த விதியின் மீதுதான் பிற்காலத்து வாடகைக் கடைகள் அனைத்தும் எழுந்தன. வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இங்கேயே திரும்பி வருவோம்.

1985இல் டல்லாஸ் நகரில் பிளாக்பஸ்டர் என்னும் கடை தோன்றி, 2004ஆம் ஆண்டளவில் உலகெங்கும் ஏறத்தாழ 9,000 கிளைகளாகப் பெருகியது. வாடிக்கையாளர் கடைக்குச் சென்று, அடுக்கில் இருப்பதைத் தேர்ந்து, குறித்த நாளில் திருப்பித் தரவேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். மழை, காய்ச்சல், வேலை என்ற காரணம் எதுவும் செல்லாது. 2000ஆம் ஆண்டில் இந்நிறுவனம் தாமதக் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 80 கோடி டாலர் ஈட்டியது. வாடிக்கையாளரின் மறதி கடைக்காரருக்கு வருவாயாயிற்று. படத்தைக் கொடுக்கும்போதே ஐயத்தோடு கொடுப்பதும், அந்த ஐயத்திற்கு விலை வைப்பதுமே அன்றைய வழக்கம்.

சிவப்பு உறை

1997ஆம் ஆண்டு டி.வி.டி. என்னும் மெல்லிய தட்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கேசட்டைவிட எடை குறைந்த இத்தட்டை அஞ்சலில் அனுப்பலாமே என்ற எண்ணம் கலிபோர்னியாவில் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் ஆகிய இருவருக்கும் தோன்றியது. சோதனைக்காக ஓர் இசைத்தட்டை உறையிலிட்டு ஹேஸ்டிங்ஸின் வீட்டு முகவரிக்கே அனுப்பினர். அது உடையாமல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டே நெட்ஃபிளிக்ஸ் நிறுவப்பட்டு, 1998 ஏப்ரல் 14இல் ஏறத்தாழ 900 படங்களோடு கடை திறந்தது.

ஒரு படத்தைத் திருப்பித் தர மறந்து 40 டாலர் தண்டம் கட்ட நேர்ந்ததால் ஹேஸ்டிங்ஸ் மனம் நொந்து இந்நிறுவனத்தைத் தொடங்கினார் என்றொரு கதை எங்கும் சொல்லப்படுகிறது. செய்தியை ஏற்குமுன் அதனை அறிவிப்பவரை விசாரிப்பது நம் கல்வி மரபு. உடனிருந்த ராண்டால்ஃப், இக்கதை வணிகத்தின் கருத்தை எளிதில் விளக்கப் பயன்பட்டதேயன்றி நிறுவனம் பிறந்த முறை அதுவன்று என்று 2019இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிவிட்டார். தொடக்கத்தில் அவர்களும் படத்திற்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினர், கெடுவும் வைத்திருந்தனர். 1999இல்தான் மாதச் சந்தா முறை வந்தது. அதன்பின் கெடுவும் இல்லை, தண்டமும் இல்லை.

இம்முறையில் வாடிக்கையாளரின் அனுபவம் எவ்வாறிருந்தது? தமக்கு வேண்டிய படங்களை அவர் இணையத்தில் வரிசையாகக் குறித்து வைப்பார். முதற்படம் சிவப்பு உறையில் வீட்டுக்கு வரும். ஒரு நாளில் பார்க்கலாம். மூன்று மாதம் வைத்திருக்கவும் செய்யலாம். பார்த்தபின், அஞ்சல் கட்டணம் முன்பே செலுத்தப்பட்ட உறையில் இட்டுத் தெருமுனைப் பெட்டியில் போட்டால் அடுத்த படம் வரும். தட்டு கீறலுற்றோ உடைந்தோ வந்தால் அதனைத் தெரிவித்தால் போதும், மாற்றுத்தட்டு அனுப்பப்படும். வாடகைக் கடையே இல்லாத சிற்றூரில் இருந்த முதியவரும், பெருநகரில் எந்தக் கடையும் வைத்திராத பழைய படத்தைத் தேடிய மாணவரும் ஒரே பட்டியலிலிருந்து தேர்ந்துகொண்டனர். அப்பட்டியல் பின்னாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களாக விரிந்தது.

பிணைத்தொகை வாங்காமல் அனுப்பிய தட்டுகளை மக்கள் திருப்பி அனுப்பினார்களா? அனுப்பினார்கள். திருடுவோரும் தொலைப்போரும் இல்லாமலில்லை. ஆயினும் 2007 பிப்ரவரியில் நூறு கோடியாவது தட்டை அனுப்பும் அளவுக்கு அவ்வணிகம் நிலைத்தது என்றால், பெரும்பாலோர் தம்மிடம் வந்ததைத் திருப்பித் தந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அச்சுறுத்தியபோது காலங்கடத்திய மக்களே, நம்பியபோது நாணயமாக நடந்துகொண்டார்கள்.

பழைய கடைக்காரரும் இதனைக் கண்டார். 2005 ஜனவரியில் பிளாக்பஸ்டர் தாமதக் கட்டணம் ஒழிந்தது என்று விளம்பரம் செய்தது. ஆனால் கெடு கடந்து ஒரு வாரமானால் படத்தின் முழு விலையும் வாடிக்கையாளர் கணக்கில் ஏறிவிடும் என்பது அந்த அறிவிப்பில் விளங்கவில்லை. பல மாநில அரசுகள் இதனை எதிர்த்தன. அவ்வாண்டு மார்ச்சில் 47 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் 6,30,000 டாலர் கொடுத்து நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஐந்தாண்டு கழித்து, 2010 செப்டம்பரில், அது திவால் மனு கொடுத்தது.

நிறுவனத்திடம் இருந்த அமானிதம்

வாடிக்கையாளரிடம் தட்டு இருந்தது போலவே, நிறுவனத்திடமும் வாடிக்கையாளருடைய உடைமைகள் சில இருந்தன. ஒன்று அவருடைய முறை; மற்றொன்று அவருடைய ஏடு. இவற்றை நிறுவனம் எவ்வாறு பேணியது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் முறை. அளவின்றிப் படம் பார்க்கலாம் என்று சொல்லிச் சந்தா வாங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு தட்டின் போக்குவரவுக்கும் அஞ்சல் செலவு உண்டு. மிகுதியாகப் பார்ப்பவரால் நிறுவனத்துக்கு ஆதாயம் குறையும். எனவே குறைவாகப் பார்ப்பவருக்குப் புதிய படங்கள் முதலில் சென்றன; மிகுதியாகப் பார்ப்பவர் காத்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் 2004இல் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன்பின் 2005 ஜனவரியில், குறைவாகப் பெறுவோருக்கே முன்னுரிமை என்பதை நிறுவனம் தன் விதிகளில் வெளிப்படையாக எழுதியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதச் சலுகை தந்து வழக்கை முடித்தது. பலர் அதற்குமுன் தம் அஞ்சல் ஊழியரையே குறை சொல்லியிருக்கக்கூடும்.

அடுத்தது ஏடு. ஒருவர் என்ன படம் பார்த்தார் என்பது அவருடைய இல்லத்துச் செய்தி. 1987இல் உச்சநீதிமன்றப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் என்பவர் வாடகைக்கு எடுத்த படங்களின் பட்டியலை வாஷிங்டன் வார இதழொன்று வெளியிட்டது. அதில் வெட்கப்படத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் இன்று அவருக்கு நேர்ந்தது நாளை நமக்கு நேரும் என்று உணர்ந்த அமெரிக்கக் காங்கிரஸ், 1988இல் வாடகைப் பட ஏடுகளைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது.

அச்சட்டம் இருந்த நாட்டில், 2006இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. வாடிக்கையாளரின் விருப்பத்தை மேலும் துல்லியமாகக் கணிக்கும் முறையைக் கண்டறிவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. அதற்காக ஏறத்தாழ 4,80,000 பேர் படங்களுக்கு இட்டிருந்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. பெயரில்லையே, என்ன தீங்கு என்று தோன்றும். ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், ஒருவர் பார்த்த சில படங்களும் ஏறத்தாழ எந்த நாட்களில் மதிப்பெண் இட்டார் என்பதும் தெரிந்தால், அப்பெருங்குவியலிலும் அவரை அடையாளம் காணலாம் என்று மெய்ப்பித்தனர். 2009 டிசம்பரில் வழக்கு வந்தது. 2010 மார்ச்சில், நடத்தவிருந்த இரண்டாம் போட்டியை நிறுவனம் கைவிட்டது. பெயரை அழித்தாலும் ஆளை அழிக்க முடியாது என்பது அன்று தெளிவாயிற்று.

தட்டு மறைந்தது

இதற்கிடையே, 2007 ஜனவரியில், படத்தை இணையத்தின் வழியே நேராகத் திரைக்கு அனுப்பும் ஸ்ட்ரீமிங் முறை தொடங்கியது. அப்போது ஏறத்தாழ ஆயிரம் படங்களே இருந்தன. அவற்றையும் கணினியில் மட்டுமே காணமுடியும். காத்திருப்பு ஒழிந்தது, கீறல் ஒழிந்தது, உறையும் வேண்டாவாயிற்று. அஞ்சல் முறையின் இடர்களை நினைத்தால் இது பெரும் வசதியே. 2008 ஆகஸ்டில் நிறுவனத்தின் கணிப்பொறிப் பதிவேடு பழுதுபட்டு, மூன்று நாட்கள் ஒரு தட்டும் அனுப்ப இயலாமற் போனதும் உண்டு.

ஆனால் 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பை இங்கே நினைவுகூர வேண்டும். விலைகொடுத்து வாங்கிய தட்டை வாடகைக்கு விட எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஸ்ட்ரீமிங்கில் தட்டு என்பதே இல்லை. ஆகவே அந்த விதியின் நிழலும் இல்லை. ஒவ்வொரு படத்திற்கும் உரிமையாளரிடம் காலவரையுள்ள அனுமதி பெறவேண்டும். காலம் முடிந்தால் படம் மறையும். ஸ்டார்ஸ் நிறுவனத்தோடு 2008இல் செய்த ஒப்பந்தத்தால் ஏறத்தாழ 2,500 படங்களும் தொடர்களும் வந்தன. 2012 பிப்ரவரி இறுதியில் அவ்வொப்பந்தம் முடிந்ததும் அதன்வழி வந்தவை நீங்கின. முந்திய இரவு பாதி பார்த்து நிறுத்தியவருக்கு மறுநாள் அப்படம் இல்லை. சிவப்பு உறையில் வந்த தட்டையோ, அவர் திருப்பி அனுப்பும்வரை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு முறைகளையும் பிரிக்க முற்பட்டபோது வாடிக்கையாளரின் பொறுமை தீர்ந்தது. 2011 ஜூலையில், இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 டாலராக இருந்த சந்தா, தனித்தனியே 7.99 டாலர் ஆக்கப்பட்டது. இரண்டும் வேண்டுவோர்க்கு இது 60 விழுக்காடு உயர்வு. செப்டம்பரில் தட்டு வணிகத்தைக் குவிக்ஸ்டர் என்ற பெயரில் பிரிக்கப்போவதாக அறிவித்தார்கள். இரு கணக்குகள், இரு பட்டியல்கள், இரு கட்டணங்கள்! எதிர்ப்பு பெருகியது. அந்தக் காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் எட்டு லட்சம் சந்தாதாரர் விலகினர். அக்டோபர் 10இல் பிரிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. விலை உயர்வு மட்டும் நின்றது.

அதே ஆண்டில் செவிப்புலன் இழந்தோரின் தேசியச் சங்கம், ஸ்ட்ரீமிங் படங்களில் எழுத்துரை இல்லாமையை எதிர்த்து வழக்காடியது. 2014ஆம் ஆண்டிற்குள் எல்லாப் படங்களுக்கும் எழுத்துரை சேர்க்க 2012இல் நிறுவனம் இசைந்தது. கணக்குக் கேட்டவர்க்குக் கணக்குக் கிடைத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

இறுதி உறை

2023 செப்டம்பர் 29இல் கடைசித் தட்டு அனுப்பப்பட்டது. அதுவரை 520 கோடிக்கு மேற்பட்ட தட்டுகள் சென்றிருந்தன. கடைசியாகக் கையில் இருந்தவற்றைத் திருப்பித் தரவேண்டியதில்லை, வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்தது. பெருந்தன்மையான விடைபெறல்தான். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் மற்றொரு விதியும் நடைமுறைக்கு வந்தது: ஸ்ட்ரீமிங் கணக்கை ஒரு வீட்டார் மட்டுமே பயன்படுத்தலாம், வெளியில் இருப்பவரைச் சேர்க்க மாதம் 7.99 டாலர் கூடுதல். தட்டு இருந்த காலத்தில் அண்டை வீட்டார் கேட்டால் உறையோடு கொடுத்தனுப்பலாம். அதனை எண்ணுவார் இல்லை.

வசதி பெருகியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைச் சீர்தூக்கிப் பாருங்கள். அஞ்சல் காலத்தில் இருதரப்பிலும் அமானிதம் இருந்தது. நிறுவனத்தின் தட்டு வாடிக்கையாளர் கையிலும், வாடிக்கையாளரின் முறையும் ஏடும் நிறுவனத்தின் கையிலும் இருந்தன. ஒருவர் தவறினால் மற்றவர் கையில் ஏதேனும் எஞ்சும். ஸ்ட்ரீமிங் காலத்தில் படமும் அவர்களிடம், ஏடும் அவர்களிடம். எந்தக் காட்சியில் நிறுத்தினோம், எதனை மீண்டும் பார்த்தோம் என்பது வரை அவர்களிடம். நம் கையில் இருப்பது சந்தா கட்டும் கடமையும், கேள்வி கேட்கும் உரிமையும்தான். முன்னதை நாம் மாதந்தோறும் தவறாமல் நிறைவேற்றுகிறோம். பின்னதைப் பயன்படுத்தியவர்கள் என்ன பெற்றார்கள் என்பதை மேலே கண்டோம். நம் பிள்ளைகள் வீட்டில் எந்தத் திரையின் முன் அமர்ந்தாலும், அதன் பின்னாலிருக்கும் ஏடு யாரிடம் இருக்கிறது என்று கேட்க அவர்களைப் பழக்குவது பெற்றோராகிய நம் பொறுப்பு.