கல்கத்தாவில் தோற்று, வியன்னாவில் பெயர் வாங்கிய தற்காப்பு

செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் குருன்ஃபெல்ட் என்ற பெயர் எப்போதாவது காதில் விழும். சென்னைப் புறநகரில் வெள்ளானூரானாலும் அம்பத்தூரானாலும் அப்படித்தான். நடுக்கட்டங்களை வெள்ளைச் சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்து, ஓரத்தில் நிறுத்திய பிஷப்பால் அவற்றைத் தாக்கும் கறுப்பு ஆட்டம் அது. பெயருக்குரியவர் வியன்னாக்காரர். பதிவான முதல் ஆட்டமோ கல்கத்தாவில் நடந்தது.

1848-இல் கல்கத்தா செஸ் ஆர்வலர் ஒருவர், தோல்வியே காணாதவர் என்று பேரெடுத்த ஒரு பிராமணரை வங்கக் கிராமப்புறத்தில் கண்டுபிடித்தார். அவர் மகேஷ் சந்திர பானர்ஜி. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேனுடன் அவர் மோதினார். தொடக்கத்தில் வென்ற காக்ரேன், எதிரே இருப்பவரின் திறமையை உடனே உணர்ந்தார். பிறகு இருவரும் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மகேஷ் சந்திரர் பழகியது நம் நாட்டு விதிகளில். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான். நடுவில் படைகள் மோத நேரம் பிடிக்கும் என்பதால், பிஷப்பை ஓரத்தில் வைத்துப் பொறுமையாக அணிவகுப்பது நம்மவர்களுக்கு வழக்கமாயிற்று. ஐரோப்பிய விதிகளுக்கு மாறியும் அவரிடம் அந்த வழக்கம் போகவில்லை. 1855 மே மாதம் குதிரை, பிஷப்புக்கு வழிவிடும் சிப்பாய், நடுச் சிப்பாய் என்று அவர் நகர்த்திய வரிசைதான் பின்னாளின் குருன்ஃபெல்ட். அன்று வென்றவர் காக்ரேன்!

நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடித்தே ஆகவேண்டும் என்பது அடுத்த பல பத்தாண்டுகள் ஐரோப்பாவில் வேதவாக்காக இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ரெட்டி, நிம்சோவிச் போன்ற இளைஞர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். ஆட்டக்காரர் தார்தகோவர் இந்தப் போக்குக்கு ‘ஹைப்பர்மாடர்ன்’ என்று பெயர் சூட்டினார். 1922-இல் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதே நகர்வுகளைக் கையில் எடுத்து, வியன்னாவில் அலெக்கைனையே வீழ்த்தினார். ஐந்தாண்டுகளில் உலக சாம்பியனான அலெக்கைனை வென்ற ஆட்டத்தை யார்தான் காப்பியடிக்க மாட்டார்கள்?

1956-இல் நியூயார்க்கில் 13 வயது பாபி ஃபிஷர் இதே அமைப்பில் ராணியைப் பலிகொடுத்து டொனால்ட் பைர்னை வென்றார். ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று உலகம் அதைக் கொண்டாடியது.

1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரோன் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். அங்கே ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 2010 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் குருன்ஃபெல்ட் ஆடி டோபலோவிடம் தோற்றார். பட்டத்தை மட்டும் விடவில்லை. 2012-இல் ஆனந்தை எதிர்த்து கெல்ஃபாண்ட் தேர்ந்ததும் இதே தற்காப்பைத்தான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில் டிங் லிரன் வெள்ளையில் ஆடியது குருன்ஃபெல்டைத் திருப்பிப்போட்ட அமைப்பு; கறுப்புக்கென்று பிறந்த உத்தியை இம்முறை வெள்ளை கடன் வாங்கியது. கறுப்பு ஆடி அதை வென்று, 18 வயதில் உலக சாம்பியனானவர் குகேஷ். வெள்ளானூர் இருக்கும் இதே சென்னை மேற்குப் புறநகரில், மேல் அயனம்பாக்கம் பள்ளியில் படித்தவர்.

நல்ல யோசனை முதல் ஆட்டத்திலேயே வென்றுவிட வேண்டும் என்பதில்லை. மகேஷ் சந்திரரின் நகர்வுகளுக்கு மதிப்புக் கிடைக்க 67 ஆண்டுகள் ஆயின. ஆகவே, பயிற்சியாளர்களே, குருன்ஃபெல்ட் கற்றுத்தரும் அன்றைக்கு 1855 ஆட்டத்தையும் பலகையில் ஆடிக் காட்டுங்கள். எங்கே பிசகியது என்று பிள்ளைகளே தேடட்டும். இந்தத் தற்காப்பின் பலமும் பலவீனமும் அந்த ஒரே ஆட்டத்தில் அவர்களுக்குப் பிடிபடும்.