மௌலா அலியும் தக்கினியின் இருவகை மாற்றங்களும்

1. முன்னுரை

ஓரிடத்தில் தோன்றும் மொழி மாற்றம் நாற்புறமும் பரவுவதை நீரில் எழும் அலைக்கு ஒப்பிட்டு 1872-இல் யோகான்னஸ் ஷ்மித் விளக்கினார். மாற்றம் நிலப்பரப்பில் மட்டுமன்றிச் சமூகப் படிநிலைகளின் ஊடாகவும் தலைமுறைகளின் ஊடாகவும் பரவுகிறது என்பதை 1960-களில் வில்லியம் லபோவின் ஆய்வுகள் புலப்படுத்தின. உயர்ந்தோர் வழக்கைப் பின்பற்றி மேலிருந்து வருவது ஒருவகை. அன்றாடப் பேச்சில் அறியாமலே கீழிருந்து எழுவது மற்றொருவகை. ஐதராபாத்தில் வழங்கும் தக்கினி மொழியில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நிகழ்ந்துள்ளன. மேலிருந்து வந்த மாற்றத்தின் ஒரு கட்டத்தைச் சுட்டும் நினைவுச் சின்னம் அந்நகரின் மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் உள்ளது.

2. தக்கினியின் தோற்றமும் ஏற்றமும்

1327-இல் முகம்மது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியபோது தில்லிப் பகுதியின் பேச்சுமொழி பெருந்திரளான மக்களுடன் தக்கணத்தை அடைந்தது. 1347-இல் பாமினி அரசு தனித்தெழுந்தபின் வடக்குடனான தொடர்பு தளர்ந்தது. மராத்தி, கன்னடம், தெலுங்கு பேசுவோரிடையே வளர்ந்த அம்மொழி தக்கினி எனப் பெயர் பெற்றது. 'வேண்டாம்' எனப் பொருள்படும் 'நக்கோ' என்னும் சொல்லும், தமிழின் தேற்றேகாரம் போல நிற்கும் 'இச்' என்னும் இடைச்சொல்லும் மராத்தியிலிருந்து வந்தவை. உருதுவில் 'கிதாபேன்' (நூல்கள்) எனப் பன்மை அமைய, தக்கினியில் 'கிதாபான்' என அமையும்.

கோல்கொண்டாவின் குத்ப் ஷாஹி மன்னர்கள் காலத்தில் தக்கினி அரசவை இலக்கிய மொழியாயிற்று. 1591-இல் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குத்ப் ஷா தக்கினியில் பெருந்தொகையான கவிதைகள் இயற்றினார். வஜ்ஹி 1635-இல் 'சப் ரஸ்' என்னும் உரைநடை நூலை எழுதினார். அக்காலத்தில் அது கொச்சையெனக் கருதப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

3. மேலிருந்து வந்த மாற்றம்

1687-இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றியதும் தக்கினி தன் அரசவையை இழந்தது. முகலாயரின் தக்கணத் தலைமையிடமாகிய ஔரங்காபாத்தில் தில்லி வழக்கும் தக்கண வழக்கும் கலந்தன. அவ்வூர்க் கவிஞர் வலி 1700-இல் தில்லி சென்றார். பின்னர் 1720 அளவில் அவருடைய கவிதைத் தொகுப்பு அங்குப் பரவியபோது, பாரசீகத்தில் எழுதிவந்த தில்லிப் புலவர்கள் தம் பேச்சுமொழியிலும் கவிதை இயலும் எனக் கண்டனர். தெற்கு வடக்குக்கு இலக்கிய மொழியை வழங்கிய தருணம் அது. ஆயினும் தில்லி அதனைத் தன் வழக்குக்கேற்பத் திருத்தி, பாரசீகச் சொற்களால் செறிவூட்டி, அதனையே தரமாக நிறுவியது. தெற்கு அத்தரத்தைப் பின்பற்றத் தொடங்கியது.

மௌலா அலிச் சின்னத்தின் சிறப்பு இவ்விடத்தில் விளங்கும். இரண்டாம் நிஜாமின் அவையில் புகழ்பெற்றிருந்த கவிஞர் மஹ் லகா பாய் சந்தா (1768-1824) இக்குன்றின் அடிவாரத்தில் தம் தாய்க்கு எழுப்பிய கல்லறை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கவிதைத் தொகுப்பு 1798-இல் தொகுக்கப்பட்டது. தக்கினி பாரசீகச் சார்பு மிக்க உருதுவாக மாறிவந்த காலத்துக்கு அதனைச் சான்றாக ஆய்வாளர் கொள்வர். முகம்மது குலியின் நகரிலேயே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குள் கவிதையின் மொழி மாறிவிட்டது.

அவையில் தொடங்கிய மாற்றத்தை அலுவலகமும் பள்ளியும் தொடர்ந்தன. 1884-இல் பாரசீகத்துக்கு மாற்றாக உருது ஐதராபாத் அரசின் ஆட்சிமொழியாயிற்று. 1918-இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு உஸ்மானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கற்ற தலைமுறையின் எழுத்தில் தக்கினிக்கு இடமில்லாது போயிற்று.

4. கீழிருந்து எழுந்த மாற்றம்

எழுத்தில் தோற்ற மொழி வீட்டிலும் கடைவீதியிலும் தோற்கவில்லை. அங்கு அதன் தொடரமைப்பு அண்டையிலுள்ள திராவிட மொழிகளை நெருங்கியது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதனைத் தெலுங்கர் 'வஸ்தானனி செப்பாடு' என்பர். தக்கினியில் 'மைன் ஆத்தூன் போல்கே போலா' எனலாம். தர உருதுவில் 'உஸ் நே கஹா கி' எனச் 'சொன்னான்' என்பது முன்வரச் செய்தி பின்வரும். தமிழின் 'என்று', தெலுங்கின் 'அனி' ஆகியன 'சொல்' எனப் பொருள்படும் வினைகளின் எச்சங்கள். 'போல்கே' என்பதும் 'போல்' (சொல்) என்னும் வினையின் எச்சமே. ஒலி வடக்கினது, அமைப்பு தெற்கினது. 'ராஜு என்று ஒரு பையன்' எனப் பெயர் சுட்டும் இடத்திலும் 'போல்கே' வரும். இறந்தகாலத் தொடர்களில் எழுவாயுடன் வரவேண்டிய 'நே' உருபும் பேச்சில் பெரும்பாலும் மறைகிறது. தெலுங்கிலும் தமிழிலும் அத்தகைய உருபு இல்லை.

எவரும் கற்பிக்காத இவ்வமைப்புகள் இருமொழி பேசும் அண்டை வீட்டார் வழியே நிலைபெற்றன எனலாம். மராட்டிய-கன்னட எல்லையிலுள்ள குப்வார் சிற்றூரில் மராத்தி, கன்னடம், உருது ஆகியன சொற்களில் வேறுபட்டும் தொடரமைப்பில் ஒன்றுபட்டும் வழங்குவதை 1971-இல் கம்பர்சும் வில்சனும் விளக்கினர். தக்கினியின் நிலையும் இதனையொத்ததே.

5. முடிவுரை

மேலிருந்து வந்த மாற்றம் எழுத்தை வென்றது. கீழிருந்து எழுந்தது பேச்சில் வேரூன்றியது. இவற்றுக்கிடையே தக்கினியின் மதிப்புக் குறைந்தது. மன்னர் காதலையும் இறைவணக்கத்தையும் பாடிய மொழி, இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் நகைச்சுவைக் கவிதைக்கும் திரைப்பட நகைப்புக்கும் உரியதாயிற்று. நகைச்சுவையினூடே ஏழைக் குடும்பங்களின் துயரத்தையும் பாடிய சுலைமான் கதீப் போன்றோர் அதன் பழைய ஆழத்தை நினைவூட்டினர்.

மொழிபெயர்ப்பாளர் இவ்வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. தக்கினி உரையாடலைத் தமிழின் நகைப்புக்குரிய வழக்கொன்றில் பெயர்ப்பது, பதினெட்டாம் நூற்றாண்டில் தில்லியை அளவுகோலாகக் கொண்டோர் தந்த தீர்ப்பை ஆராயாது ஏற்பதாகும். 'போல்கே' பிழையன்று, தமிழர்க்கு நன்கு பழகிய 'என்று' என்பதே வேற்றொலியில் அங்கு வழங்குகிறது. அதனை இயல்பான தமிழ்த் தொடராகவே பெயர்த்தல் தகும்.